கொல்லையில ஒரு கொட்டகை ஸ்டூடியோ - போட்ட காசு தேறுமா?

வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொட்டகை போட்டு அதை 'ஸ்டூடியோ'ன்னு கூப்பிட ஆசைப்பட்ட முதல் ஆள் நான் இல்லை மக்களே. உலகத்தோட முதல் சினிமா ஸ்டூடியோவே ஒரு கொட்டகைதான். தென்னிந்தியாவோட முதல் சினிமா ஸ்டூடியோவும் கிட்டத்தட்ட அதேதான், அதைப் போட்டவர் வேற யாரும் இல்லை, நம்ம வேலூர்ல பொறந்தவர். ஏவி.எம். காரைக்குடியில ஆரம்பிச்சது கீத்துக் கொட்டகையில. ஏ.ஆர். ரஹ்மான் ஆரம்பிச்சது வீட்டுக் கொல்லையில.

இவங்க ஒவ்வொருத்தரும் என்ன செலவு பண்ணாங்க, அது தேறுச்சா, கடைசியில என்ன மிஞ்சுச்சு... இந்த மூணையும் வரிசையா எழுதிப் பார்த்தா நம்ம கொல்லைக்கும் ஒரு பதில் கிடைக்கும்னு தோணுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க :-)

முதல்ல நம்ம கணக்கு

இருக்கிறது கணியம்பாடி. வேலூர்லேருந்து ஆரணி போற ரோடு. வீட்டுக்குப் பின்னால முருங்கை மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவுல பத்துக்குப் பன்னெண்டு அடி இடம் சும்மா கிடக்கு. தோல் கம்பெனியில கணக்கெழுதியே காலத்தை ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். கையில கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் இருக்கு.

எதுக்கு ஸ்டூடியோன்னு கேப்பீங்க. பாட்டுப் பாடி உங்களைக் கொல்றதுக்கு இல்லை, பயப்படாதீங்க. நம்ம பக்கத்துக் குரல்கள் சிலதைப் பதிவு பண்ணி வைக்கணும்னு ஆசை. ரெண்டு வகை. ஒண்ணு, திரௌபதியம்மன் கோயில் திருவிழாவுக்கு விடிய விடியக் கூத்து கட்டின வாத்தியாருங்க. இன்னொண்ணு, தோல் ஷாப்புல வேலை பார்த்த பெரியவங்க. அதுலயும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்தின காலத்து ஆளுங்க. 1970கள்ல அரைகுறையா பதப்படுத்தின தோலை ஏற்றுமதி பண்றதுக்குக் கட்டுப்பாடு வந்து, நம்ம பகுதி குரோம் பதனிடுதல் பக்கம் சாஞ்சப்போ அந்தப் பட்டை வேலை மெல்ல மெல்ல ஓரம் போச்சு. அந்த வேலைக்குன்னு இருந்த சொற்களும் கூடவே போயிக்கிட்டிருக்கு.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்னதும் நான் விசாரிச்சதும் சேர்த்து கணக்கு இப்படி:

ஹாலோ பிளாக் சுவர், தரை, மேல ஷீட்: 1,45,000
கதவு, ஜன்னல்: 18,000
ஒயரிங்: 14,000
ஏசி: 36,000
சத்தம் தடுக்க உள்வேலை: 52,000
மைக், மத்த சாமான்: 25,000

மொத்தம் 2,90,000 ரூபாய். வேலூர்ல ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல எங்கிட்ட கேட்டது மணிக்கு 500. ஆக, என் கொட்டகை 580 மணி நேர வாடகைக்குச் சமம். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் பதிவு பண்ணாக்கூட போட்ட காசு திரும்ப அஞ்சரை வருஷம் ஆகும். கரண்ட் பில் தனி.

கணக்கைப் பார்த்த தங்கமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஏங்க, ரஹ்மானுக்கு அவங்க அம்மா நகையைக் கழட்டிக் குடுத்தாங்கன்னு சொல்லுவீங்களே, அந்தக் கதைக்காகத்தான் இப்ப என் வளையலைப் பார்க்கிறீங்களா?"

அவ்வ்வ்வ்வ்.... அந்தக் கதைக்கும் வருவோம். இப்போ வரிசையா போலாம்.

அறுநூத்தி சொச்சம் டாலர் கொட்டகை

1892 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1893 பிப்ரவரியில முடிச்சாங்க. அமெரிக்காவுல நியூஜெர்சி மாகாணம், வெஸ்ட் ஆரஞ்ச்ங்கிற ஊர். தாமஸ் ஆல்வா எடிசனோட ஆராய்ச்சிக் கூடத்து வளாகத்துலேயே ஒரு மரக் கொட்டகை. சுத்தி தார் பூசின கறுப்புக் காகிதம். கூரையில ஒரு பகுதி திறக்கும், அது வழியா வெயில் உள்ள விழும். சூரியன் நகர நகர கொட்டகையையே திருப்பிக்கிற மாதிரி வட்டத் தண்டவாளம் மேல நிறுத்தியிருந்தாங்க. உள்ள நெரிசல், புழுக்கம். கைதிகளை ஏத்திக்கிட்டுப் போற போலீஸ் வண்டி மாதிரி இருக்குன்னு அங்க வேலை பார்த்தவங்க அந்த வண்டியோட பட்டப் பேரையே இதுக்கும் வெச்சுட்டாங்க: 'பிளாக் மரியா'.

செலவு 637 டாலர் 67 சென்ட். பைசா சுத்தமா கணக்கு வெச்சிருக்காங்க பாருங்க, கணக்கெழுதினவனுக்கு இதெல்லாம் பார்த்தா கண்ணுல தண்ணி வரும் :-)

ஒண்ணு கவனிக்கணும். எடிசன் கூட்டம் முதல்ல கொட்டகை போட்டுட்டு 'என்ன பண்ணலாம்'னு யோசிக்கலை. ஒரு ஆள் குனிஞ்சு ஓட்டை வழியா பார்க்கிற படப்பெட்டி தயாராகிக்கிட்டிருந்தது. அதுக்குள்ள போட்டு ஓட்ட படம் வேணும். டிக்சன்ங்கிற உதவியாளர் அதுக்காகத்தான் இதைக் கட்டினார். 1894 ஏப்ரல்ல நியூயார்க்ல அந்தப் பெட்டிகளை வெச்சுக் கடை திறந்தாச்சு, மக்கள் காசு கொடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாச்சு. 1901ல நியூயார்க்ல மொட்டை மாடியில கண்ணாடிக் கூரை போட்ட புது ஸ்டூடியோ வந்ததும் கொட்டகையைக் கை கழுவிட்டாங்க. 1903ல பிரிச்சே போட்டாங்க. (இப்போ அங்க இருக்கிறது அதே மாதிரி பின்னால கட்டின நகல்.)

கொட்டகை போச்சு. ஆனா அதுக்குள்ள எடுத்த ஒரு தும்மல் இன்னைக்கும் இருக்கு! ஃப்ரெட் ஆட்ங்கிற தொழிலாளி மூக்குப்பொடி போட்டுத் தும்முறதை 1894 ஜனவரியில எடுத்தாங்க. சில வினாடிதான். அதோட பிரதியைக் காப்புரிமைக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அனுப்பி வெச்சதால பொழைச்சுது. இந்தத் தும்மலைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வேலூர்க்காரரும் வெள்ளைத் துணிக் கூரையும்

ஆர். நடராஜ முதலியார். 1885ல வேலூர்ல பொறந்தவர். மெட்ராஸ் போயி முதல்ல சைக்கிள் வியாபாரம், அப்புறம் அமெரிக்கக் கார், உதிரி பாகம்னு நல்லா காலூன்றினவர். மெட்ராஸ் கெயிட்டி தியேட்டர்ல தாதா சாகேப் பால்கேவோட 'ராஜா ஹரிச்சந்திரா' பார்த்துட்டு நாமளும் படம் எடுக்கணும்னு இறங்கினார்.

இறங்கின வரிசையைப் பாருங்க. எனக்கு இதுல பிடிச்சதே அந்த வரிசைதான்.

முதல்ல தொழில் கத்துக்கிட்டார். புனாவுல இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித்ங்கிற ஆங்கிலேய ஒளிப்பதிவாளர்கிட்ட. கர்சன் பிரபு பத்தின ஆவணப்படத்துல வேலை செஞ்சவர் அவர்.

ரெண்டாவது, கருவி. தஞ்சாவூர்ப் பக்கத்து மூப்பனார் ஒருத்தர்கிட்டேருந்து வில்லியம்சன் கேமராவும் பிரிண்டரும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். செகண்ட் ஹேண்டு!

மூணாவது, கூட்டாளிகள். தொழில் நண்பர்கள் பணம் போட 'இந்தியா ஃபிலிம் கம்பெனி' உருவாச்சு.

அதுக்கப்புறம்தான் இடம். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்ல. மேல மெல்லிசான வெள்ளைத் துணியைக் கூரையா கட்டி, வெயிலை வடிகட்டித் தரையில விழ வெச்சு, அதுதான் லைட்டிங். மெட்ராஸ் வெயிலை யாரு காசு கொடுத்து வாங்கணும்?

அங்க எடுத்ததுதான் 'கீசக வதம்'. தென்னிந்தியாவோட முதல் கதைப்படம். மௌனப் படம். வெளியான வருஷத்தை 1916, 1917, 1918னு ஆளுக்கு ஒண்ணா எழுதுறாங்க. கதை யோசனை சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். திரைக்கதைக்கு உதவினவர் ரங்கவடிவேலுங்கிற வக்கீல். தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் நாலும் முதலியாரே. ஏறக்குறைய அஞ்சு வாரத்துல ஷூட்டிங் முடிஞ்சுது. நம்ம பக்கத்துல கோயில் வாசல்ல பாரதம் கேட்டு வளர்ந்த யாருக்கும் கீசகனையும் திரௌபதியையும் அறிமுகம் பண்ண வேண்டியதே இல்லை.

இப்போ கணக்கு. படத்துக்குச் செலவு 35,000 ரூபாய். இந்தியா, பர்மா, இலங்கை, சிங்கப்பூர்னு ஓடி வசூல் 50,000. லாபம் 15,000. தேறுச்சு!

ஆனா செலவு எங்கே போச்சுன்னு பாருங்க. கேமரா, பிரிண்டர் 1,800ங்கிறது மொத்தத்துல நூத்துக்கு அஞ்சு சொச்சம்தான். துணிக் கூரை என்ன பெரிய செலவாகியிருக்கப் போவுது? ஃபிலிம் லண்டன்லேருந்து வரணும். மெட்ராஸ்ல ஃபிலிம் கழுவ லேப் கிடையாது. பெங்களூர் குளிர்ச்சி ஃபிலிமுக்கு நல்லதுன்னு அங்க லேப் வெச்சார். வாரக் கடைசியில பெங்களூர் ஓடி நெகட்டிவ் கழுவிட்டு, திங்கக்கிழமை காலையில மெட்ராஸ் வந்து ஷூட்டிங். கொட்டகை மலிவு, அதைச் சுத்தின ஓட்டம்தான் செலவு. 'கொல்லையில ஷெட் போட்டா எல்லாம் முடிஞ்சுது'ன்னு நினைக்கிறவங்க அந்த ரயில் பயணங்களை நினைச்சுக்கணும்.

அடுத்து 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவகுசா', 'ருக்மணி சத்தியபாமா', 'மயில்ராவணா', 'மார்க்கண்டேயா'ன்னு வரிசையா எடுத்தார். 1923ல ஸ்டூடியோ தீயில போச்சு. அதோட சினிமாவை விட்டு ஒதுங்கிட்டார். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பத்தி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பத்திக்கிச்சுன்னா அணைக்கிறது ரொம்பக் கஷ்டம். முதலியார் 1971 வரைக்கும் இருந்தார். தமிழ் சினிமாவோட தந்தைன்னு பேரு.

ஆனா அவரோட படம் ஒண்ணுகூட இன்னைக்கு இல்லை. 'கீசக வதம்' 6,000 அடி. ஒரு பிரதியும் கிடைக்கலை. ஒரு மூக்குப்பொடித் தும்மல் நூத்தி முப்பது வருஷமா பத்திரமா இருக்கு, வேலூர்க்காரர் எடுத்த முதல் தமிழ்ப்படம் இல்லாம போச்சு. படத்துல நல்லது கெட்டது காரணம் இல்லை. ஒண்ணோட பிரதி வேற ஒரு இடத்துல இருந்தது, இன்னொண்ணோடது எங்கேயும் தங்கலை.

இந்த இடத்துல நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன் மக்களே. 2,90,000 ரூபாய்க் கணக்குல 'பிரதி எடுத்து வைக்க'ன்னு ஒரு வரி இருக்கான்னு மேல போய்ப் பாருங்க. மேஸ்திரி கணக்குல அது எப்பவும் இருக்காது.

காரைக்குடி கீத்துக் கொட்டகை

அடுத்தது ஏ.வி. மெய்யப்பன். 1945ல ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் ஆரம்பிச்சார். மெட்ராஸ்லயே ஸ்டூடியோ போடத்தான் ஆசை. ஆனா உலகப் போர் சமயத்து மின்சாரத் தட்டுப்பாடு, அங்க கரண்ட் கிடைக்கலை. அதனால சொந்த ஊர்ப் பக்கம் போயி, காரைக்குடியில தேவகோட்டை ரஸ்தா கிட்ட இடத்தை வாடகைக்குப் பிடிச்சு, கீத்துக் கொட்டகை போட்டு ஸ்டூடியோ ஆக்கினார். கலைஞர்கள், டெக்னீஷியன்கள் தங்குறதும் அங்கேயே.

அந்தக் கொட்டகையில உருவானதுதான் 1947 ஜனவரியில வந்த 'நாம் இருவர்'. பாரதியார் பாட்டுகளோட, சுதந்திரம் வர்றதுக்குச் சில மாசம் முன்னாடி வந்து பிச்சுக்கிட்டு ஓடிய படம். 1948ல ஏவி.எம். காரைக்குடியைக் காலி பண்ணிட்டு மெட்ராஸ் கோடம்பாக்கத்துக்கு வந்தாச்சு.

இதுல எனக்குப் பாடம் ரெண்டு. ஒண்ணு, கொட்டகை போட்டப்போ அவர் புது ஆள் இல்லை. 1941லயே 'சபாபதி' குடுத்துட்டார். கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ்ல டப்பிங் பண்ணி ஓட்டிட்டார். 'ஸ்ரீவள்ளி' முடிஞ்சாச்சு. அடுத்து என்ன எடுக்கிறதுன்னு தெரிஞ்ச ஆளுக்குத் தலைக்கு மேல கூரை மட்டும்தான் பாக்கி. ரெண்டாவது, அந்தக் கூரையைக் கல்லுலயும் சிமெண்ட்லயும் கட்டலை. வேலை முடிஞ்சா பிரிச்சுட்டுப் போற மாதிரி கட்டினார். பிரிக்கவும் செஞ்சார். எடிசன் கதையும் அதேதானே?

வளையல் கதை

சரி, தங்கமணி கேட்ட கேள்விக்கு வருவோம்.

ரஹ்மானோட அப்பா ஆர்.கே. சேகர் இசையமைப்பாளர். 1976ல அவர் காலமானப்போ பையனுக்கு ஒன்பது வயசு. அப்பாவோட வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடுச்சு. சின்ன வயசுலயே கீபோர்டு வாசிக்கப் போனார். அப்புறம் விளம்பர ஜிங்கிள்ஸ். கோடம்பாக்கத்து வீட்டுக் கொல்லையில 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' கட்டினது இதுக்கெல்லாம் அப்புறம், 'ரோஜா'வுக்கு முன்னாடி.

அந்த அறை தயாரானப்போ உள்ள ஏசி இருந்தது, கம்பளம் இருந்தது, அலமாரி இருந்தது. கருவி வாங்கக் காசு இல்லை. வெறும் அறையில உக்காந்திருந்ததையும், அம்மா கரீமா பேகம் நகையைக் கொடுத்ததுல முதல் கருவி வாங்கினதையும் ரஹ்மானே பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

நம்மாளுங்க இந்தக் கதையை எப்படிச் சொல்லுவாங்கன்னா, 'பாரு, அம்மா நகையை வித்து ஸ்டூடியோ போட்டார், ஆஸ்கர் வாங்கினார்'. நடுவுல இருக்கிற பதினஞ்சு வருஷ வாசிப்பைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அந்த அம்மா நகையைக் கழட்டினது ஒரு கனவுக்காக மட்டும் இல்லை. ஏற்கெனவே வேலைக்கு ஆள் வந்து கூப்பிடுற ஒரு பையனுக்காக. கதவு திறந்த அன்னைக்கே உள்ள வர வேலை இருந்தது. 1992 ஆகஸ்ட்ல 'ரோஜா' வந்தது. அந்தப் படத்துக்கு அவருக்குச் சம்பளம் 25,000 ரூபாய்ங்கிறாங்க. அந்தக் கொல்லை அறையில பதிவான பாட்டுங்க என்ன ஆச்சுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

அப்போ சொந்த அறையால என்ன லாபம்? வாடகை மிச்சம்னு நாம சொல்லுவோம். எனக்கு அது பெரிசா தெரியலை. வாடகை ஸ்டூடியோவுல கால்ஷீட் கணக்கு. மணி அடிச்சா எழுந்திரிக்கணும். சொந்த அறையில ஒரே சத்தத்தை ராத்திரி முழுக்க உருட்டிப் பார்க்கலாம். ராத்திரியில வேலை செய்யறது ரஹ்மானோட பழக்கம்னு ஊருக்கே தெரியும். அந்தக் கொல்லை அறை அவருக்கு நேரத்தை வாங்கிக் கொடுத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கு. இளையராஜா பிரசாத் ஸ்டூடியோவுல நாப்பது வருஷம் போல ஒரே ரெக்கார்டிங் தியேட்டர்ல வேலை பார்த்தார். இடம் சம்பந்தமா பிரச்சினை கோர்ட் வரைக்கும் போயி, 2020 டிசம்பர்ல அங்கிருந்த அவரோட பொருள்களை எடுத்தாங்க. 2021 பிப்ரவரியில தனக்குன்னு சொந்த ஸ்டூடியோ திறந்தார். எத்தனை வருஷம் உக்காந்தாலும் அடுத்தவங்க இடம் அடுத்தவங்க இடம்தான். ஆகவே சொந்த இடம்ங்கிற ஆசை தப்பே இல்லை. எப்போங்கிறதுதான் கேள்வி.

நம்ம ஊர் ஷெட்டு சொல்ற கணக்கு

இதுக்கு எடிசன் வரைக்கும் போகணுமா என்ன? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தெருவுக்குள்ள போனா தெரியும். வீட்டுத் திண்ணையில உக்காந்து ஷூ மேல்பாகம் தைக்கிற பொம்பளைங்க, வீட்டுக்குப் பின்னால ஷெட் போட்டு ரெண்டு மூணு மிஷின் வெச்சு ஜாப் ஒர்க் எடுக்கிறவங்க. அங்க யாராவது 'நானும் ஷெட் போடப் போறேன்'னு சொன்னா, ஷெட்டு என்ன அளவு, ஷீட் என்ன கம்பெனின்னு பெருசுங்க கேக்க மாட்டாங்க. "ஆர்டர் கைல இருக்கா?"ன்னுதான் கேப்பாங்க. ஆர்டர் இருந்தா திண்ணை போதும். திண்ணை பத்தலைன்னாதான் ஷெட்டு.

எடிசன், முதலியார், மெய்யப்பன், ரஹ்மான் நாலு பேரும் இந்தக் கேள்விக்கு 'இருக்கு'ன்னு பதில் சொல்லக்கூடிய நிலையிலதான் கூரை போட்டாங்க. நாலு கதையிலயும் இடம் கடைசியில வந்தது.

சத்தம், வெயில், ஆள்

இனி நம்ம ஊர்க் கஷ்டங்கள். ஷெட் போட நினைக்கிற யாருக்கும் உதவும்.

ஷீட் கூரைன்னா மழை பெஞ்சா மத்தளம்தான், பதிவு நடக்காது. முட்டை அட்டையை ஒட்டினா சத்தம் உள்ள வராதுன்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டிருக்கு. வரும். முட்டை அட்டை உள்ள இருக்கிற எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வெளிச் சத்தத்தைத் தடுக்கணும்னா கனம் வேணும், காத்து புகாத கதவு வேணும். கனத்தை ரெண்டு மடங்கு ஆக்கினாத்தான் ஆறு டெசிபல் போல குறையும். காத்து புகாத அறையில வேலூர் மே மாசத்து வெயில்ல ஏசி இல்லாம பத்து நிமிஷம் உக்கார முடியாது. ஏசி போட்டா அதோட சத்தம் மைக்ல. ஆக, சத்தத்தை நிறுத்தினா வெயில், வெயிலை நிறுத்தினா சத்தம். செலவு ஏறுறது இந்த இடத்துலதான்.

எதிரொலி மட்டும்தான் பிரச்சினைன்னா துணி நிறைஞ்ச அறை, மெத்தை, புத்தக அலமாரி, தடிமனான ஜமுக்காளம் இதெல்லாமே பாதி வேலையைப் பார்த்துடும். அதுக்குக் கொட்டகை வேண்டாம், வீட்டுக்குள்ளயே இருக்கு.

கடைசியா, ஆள். இதுதான் என் கணக்கைப் புரட்டிப் போட்டது. நான் முதல்ல பதிவு பண்ண நினைக்கிற கூத்து வாத்தியாருக்கு 78 வயசு. ஷெட் யோசனையைச் சொன்னப்போ அவர் சிரிச்சுட்டார். "தம்பி, நாங்க பாடினது வெட்டவெளியில, கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு. பொட்டிக்குள்ள உக்கார வெச்சா எங்கேருந்து குரல் வரும்? ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் எங்க உக்காரும்? பேசாம நீ எங்க ஊட்டுத் தெருவுக்கு வா."

தோல் ஷாப்புப் பெரியவர் ஒருத்தருக்கு எண்பதைத் தாண்டிடுச்சு. படி ஏறவே மூச்சு வாங்குது. அவரை ஆட்டோவுல ஏத்திக் கணியம்பாடி கூட்டிட்டு வந்து ஏசி ரூம்ல உக்கார வெச்சு 'சுண்ணாம்புக் குழி பத்திச் சொல்லுங்க ஐயா'ன்னா என்ன சொல்லுவார்? அவர் வீட்டுத் திண்ணையில, பக்கத்துல பழைய கூட்டாளி ஒருத்தர் உக்காந்து "டேய், அது அப்படி இல்லடா"ன்னு குறுக்கப் பேசினாத்தான் பேச்சே வரும்.

மேஸ்திரி சொன்னது மூணு மாசம். நம்ம ஊர் மூணு மாசம்னா ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துல ஷெட்டு எழும்பும், சரி. அந்தக் குரல்களுக்கு ஆறு மாசம்ங்கிறது சின்னக் கணக்கு இல்லை. ஷெட் பூட்டைத் திறக்கிற அன்னைக்கு உள்ள வந்து பாட ஆள் இல்லைன்னா, 2,90,000 ரூபாய்க்கு ஒரு நல்ல குளுகுளு ஸ்டோர் ரூம் கட்டினவனா ஆயிடுவேன்.

முடிவு

ஆகவே, இப்போதைக்கு ஷெட் இல்லை. அதுக்குப் பதிலா முதலியார் போன வரிசையில போறேன்.

முதல்ல தொழில்: மைக்கை எங்க வைக்கணும், காத்துச் சத்தத்தை எப்படித் தடுக்கணும், இதைக் கத்துக்க வேலூர் ஸ்டூடியோவுல ஒரு பத்து மணி நேரம் காசு கொடுத்து உக்காரப் போறேன். 5,000 ரூபாய்.

ரெண்டாவது கருவி: கையில தூக்கிட்டுப் போற ரெக்கார்டர், ரெண்டு சட்டை மைக், காத்துக்குப் பஞ்சு உறை. சுமார் 25,000. ஷெட் கணக்குல மைக்குக்குன்னு எழுதின அதே வரி.

மூணாவது, முதலியார் கதை சொல்லிக் கொடுத்த வரி: பிரதி. ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஒண்ணு எங்க வீட்ல, இன்னொண்ணு வேற ஊர்ல இருக்கிற அக்கா வீட்ல. அது இல்லாம இணையத்துல ஒரு பிரதி. ஒரு வீடு எரிஞ்சாலும், வெள்ளம் வந்தாலும் குரல் போகக்கூடாது. இதுக்கு ஒரு 15,000 ஒதுக்கியாச்சு.

மொத்தம் 45,000. ஷெட் கணக்குல ஆறுல ஒரு பங்குகூட இல்லை. மிச்சப் பணம் பேங்க்ல இருக்கும்.

ஷெட் ஆசையை நான் விடலை. அதுக்கு ஒரு நிபந்தனை வெச்சிருக்கேன். திண்ணை திண்ணையா போயி அறுபது மணி நேரப் பதிவு சேரட்டும். அதைக் கேட்டு, வெட்டி, எழுத்தாக்கி, விளக்கம் பேசிச் சேர்க்க ஒரு அமைதியான இடம் இல்லாம நான் உண்மையாவே தவிக்கிற நாள் வந்தா, அன்னைக்கு ஷெட். அதுவும் ஒரு ஆள் உக்கார ஆறுக்கு ஆறு. பிரிச்சு எடுக்கிற மாதிரி. மெய்யப்பச் செட்டியார் கொட்டகை மாதிரி.

தங்கமணிகிட்ட இதைச் சொன்னேன். "வளையல்?"ன்னாங்க. "அது கையிலயே இருக்கட்டும்"னேன். "அறுபது மணி நேரம் சேர்ந்தா அப்ப கேளுங்க, பார்க்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இதைச் சம்மதம்னு எடுத்துக்கலாமான்னு கல்யாணம் ஆனவங்க பின்னூட்டத்துல சொல்லவும் :-)

வர்ற ஞாயித்துக்கிழமை வாத்தியார் வீட்டுத் தெருவுல முதல் பதிவு. விராட பர்வத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். கீசகன் வரட்டும். இந்தத் தடவை மூணு பிரதி எடுத்துடலாம்.

டிஸ்கி: உங்க ஊர்ல யாராவது கொல்லையில ஷெட் போட்டு பாட்டோ, படமோ, நாடகமோ, போட்டோவோ பண்ணியிருந்தா எழுதுங்க. செலவு எவ்வளவு, எத்தனை நாள் ஓடுச்சுங்கிறதோட, அங்க பண்ணதோட பிரதி இப்போ யார்கிட்ட இருக்குங்கிறதையும் மறக்காம சேர்த்து எழுதுங்க.